ஈவினிங், ஆபெண்ட், க்வெல்: ஜெர்மானிய மொழிகளின் மாலைச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் படிக்கிறவர்களும், வேலைக்காக ஸ்வீடன், நெதர்லாந்து என்று போய்ச் சேர்ந்தவர்களும் மாலைப்பொழுதைக் குறிக்கும் சொற்களைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வாக்கிலேயே இருக்கின்றன. 'ஜெர்மானிய மொழிகள்' என்று நான் எழுதும்போது ஜெர்மன் மொழியை மட்டும் சொல்லவில்லை. ஆங்கிலம், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாந்திக் எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சொல்கிறேன்.

ஈவினிங், ஆபெண்ட், ஆவொண்ட் மூன்றும் ஒரே சொல்தானா? கேட்டால் அப்படித் தெரியவில்லையே.

ஒரே சொல்தான்; முறையே ஆங்கிலம், ஜெர்மன், டச்சு வடிவங்கள். இன்றைய வடிவங்களை விட்டுவிட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வடிவங்களைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஏவென்'. பழைய உயர் ஜெர்மனில் 'ஆபந்த்'. ஜெர்மனில் 'ப' ஒலி நிற்கும் இடத்தில் ஆங்கிலத்திலும் டச்சிலும் 'வ' நிற்பது வழக்கமான ஒலி உறவு. வாழ்வதற்கு ஜெர்மனில் 'லேபென்', டச்சில் 'லேவென்', ஆங்கிலத்தில் 'லிவ்'. அதே வரிசையில்தான் ஆபெண்ட், ஆவொண்ட், ஈவ்.

இந்தச் சொல் சில மொழிகளில் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. டச்சின் வழிவந்த ஆஃப்ரிக்கான்ஸில் நடுவிலிருந்த 'வ' மறைந்து 'ஆண்ட்' ஆகிவிட்டது. நெதர்லாந்தின் வடக்கே பேசப்படும் மேற்கு ஃப்ரீசியனில் வெறும் 'யூன்'. யூதர்களின் இத்திஷ் மொழியில் 'ஓவ்ன்ட்'. வடக்கே டேனிஷிலும் நார்வேஜியனிலும் 'அஃப்டன்', ஸ்வீடிஷில் 'அஃப்டோன்'. இந்த வடக்கு வடிவங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

'ஈவ்' என்பது 'ஈவினிங்' என்பதன் சுருக்கமா?

இல்லை. 'ஈவ்'தான் மூலச் சொல்லுக்கு நெருக்கமானது. 'ஈவினிங்' அதிலிருந்து கிளைத்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஏவென்' என்றால் மாலை. அதிலிருந்து 'மாலையாதல்' என்ற பொருளில் ஒரு வினைச்சொல் பிறந்தது. அந்த வினையின் தொழிற்பெயர் 'ஏவ்நுங்'. பொழுது சாய்ந்துகொண்டு வருவதை, அந்த நிகழ்வைக் குறித்த சொல் அது. காலப்போக்கில் அதுவே பொழுதுக்கும் பெயராகி 'ஈவினிங்' ஆனது. இதைப் பார்த்துத்தான் பிற்பாடு காலைக்கும் 'இங்' சேர்த்து 'மார்னிங்' என்றார்கள்.

பழைய 'ஏவென்' பின்னர் 'ஈவன்' ஆகி, கடைசி 'ன்' உதிர்ந்து 'ஈவ்' ஆனது. 'மெய்டன்' என்பதிலிருந்து 'மெய்ட்' வந்ததும் இப்படித்தான். அக்டோபர் 31 அன்று கொண்டாடும் 'ஹாலோவீன்' என்ற பெயரின் வாலில் அந்த 'ன்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நவம்பர் 1 எல்லாப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலை ஹாலோவீன்.

'ஈவன்' என்றால் சமம். பகலும் இரவும் சமமாகும் நேரம் என்பதால் 'ஈவினிங்' என்று எங்கள் ஆசிரியர் சொன்னாரே?

அழகான விளக்கம், ஆனால் சரியல்ல. சமம் என்ற பொருள்தரும் 'ஈவன்' வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் அது குறில் எகரத்தோடு 'எவென்'. மாலையைக் குறித்தது நெடிலோடு 'ஏவென்'. பிற்காலத்தில் ஒலி மாற்றங்களால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்துவிட்டன.

ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் இது தீராது. ஜெர்மனைப் பாருங்கள்: சமம் 'ஏபென்', மாலை 'ஆபெண்ட்'. டச்சில் சமம் 'ஏவென்', மாலை 'ஆவொண்ட்'. இரண்டு மொழிகளும் இரண்டு சொற்களையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. ஆதாம்–ஏவாள் கதையின் 'ஈவ்' எபிரேயப் பெயர். அதற்கும் மாலைக்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் முதல் பொருள்தான் என்ன? 'ஆஃப்டர்' என்பதோடு உறவா?

'பின்', 'பிந்திய' என்ற பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றோடு இதை இணைப்பதே பரவலான கருத்து. கிரேக்கத்தில் 'காலந்தாழ்ந்து' என்ற பொருளில் வரும் 'ஒப்ஸே' அதே வேர். அப்படிப் பார்த்தால் மாலை என்பது நாளின் பிந்திய பகுதி. நேரடியான, அலங்காரமில்லாத பெயர்.

முன்பு சொன்ன வடக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. இன்றைய ஸ்காண்டிநேவிய மொழிகளின் தாயான பழைய நோர்ஸ் மொழியில் மாலை 'அப்டன்'. நடுவில் ஒரு 'ட' இருக்கிறது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு அடங்கிய மேற்குக் கிளையின் 'ஆபந்த்', 'ஏவென்' வடிவங்களில் அந்த இடத்தில் அது இல்லை. வழக்கமான ஒலி விதிகளின்படி ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்க முடியாது. வடக்கே பேசியவர்கள் பழைய சொல்லை, 'பின்னால்' என்ற பொருள் கொண்ட 'அப்டர்' என்ற தங்கள் சொல்லின் சாயலில் திருத்திக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். ஒரே வேரிலிருந்து இரண்டு வெவ்வேறு விகுதிகளோடு இரண்டு சொற்கள் எழுந்தன என்பது இன்னொன்று. எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. மக்கள் வாயில் சொற்கள் அப்படித்தான் திருத்தம் பெறுகின்றன. எப்படியும் 'ஆஃப்டர்' உறவுக்காரச் சொல்தான். ஆனால் 'ஈவினிங்' நேராக அதிலிருந்து வந்ததல்ல.

ஸ்வீடனில் எல்லோரும் 'க்வெல்' என்கிறார்கள். 'அஃப்டோன்' என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லையே?

வட ஐரோப்பாவில் மாலைக்கு இரண்டு சொற்கள் உண்டு. எது அன்றாடச் சொல், எது அலங்காரச் சொல் என்பதை ஒவ்வொரு நாடும் தன்போக்கில் முடிவு செய்துவிட்டது. ஸ்வீடனில் 'க்வெல்' அன்றாடச் சொல். 'அஃப்டோன்' விழாக்களுக்குப் போய்விட்டது: டிசம்பர் 24 'யூல்அஃப்டோன்', நடுக்கோடை விழாவின் முந்தைய நாள் 'மிட்சொம்மர்அஃப்டோன்'. 1830-இல் தொடங்கிய 'அஃப்டோன்ப்ளாடெட்' நாளிதழின் பெயரிலும் பழைய சொல் நிற்கிறது. ஆனால் அத்தகைய மாலை இதழ்களுக்குப் பொதுப்பெயர் 'க்வெல்' சேர்ந்ததுதான்.

டென்மார்க்கில் நிலைமை தலைகீழ். அங்கே 'அஃப்டன்' வீட்டுச் சொல், மற்றது கவிதைக்கு. நார்வேயில் இரண்டும் புழங்குகின்றன. ஐஸ்லாந்தில் 'க்வோல்ட்' வழக்கில் இருக்கிறது. பழைய 'அஃப்தன்' ஒரு சில கூட்டுச்சொற்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாலை 6 மணிக்கு அவர்களின் பழைய பெயர் 'மித்அஃப்தன்', அதாவது நடுமாலை.

'க்வெல்' என்ற சொல்லுக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். உண்மையா?

பல சொற்பிறப்பு அகராதிகள் அப்படித்தான் சொல்கின்றன, சான்றுகளும் வலுவாக இருக்கின்றன. பழைய நோர்ஸில் 'க்வெல்ட்' என்றால் மாலை. அதே உருவம் பழைய ஆங்கிலத்தில் சாவு, அழிவு என்ற பொருளில் இருக்கிறது. கொல்வதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'க்வெல்லான்'. இன்று அடக்கி ஒடுக்குவதற்கு ஆங்கிலத்தில் வரும் 'க்வெல்' அதன் மிச்சம். வேதனைக்கு ஜெர்மனில் வரும் 'க்வால்' இதே குடும்பம். பகல் மடியும் நேரம் என்று மாலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது வடக்குக்கு மட்டும் உரிய சொல் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய உயர் ஜெர்மனில் மாலை வேலையைக் குறிக்க 'க்வில்திவெர்க்' என்ற சொல் இருந்தது. சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமங்களில் இளைஞன் இருட்டிய பிறகு தான் விரும்பும் பெண்ணைப் பார்க்கப் போகும் பழைய வழக்கத்துக்குப் பெயர் 'கில்ட்காங்'. அந்தக் 'கில்ட்' இதே மாலைதான். சாவில் தொடங்கிய சொல் காதலில் போய் நின்றது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம்.

இந்தச் சொல்லை உயிரோடு பார்க்க வேண்டுமானால், 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட எகிலின் சாகா என்ற உரைநடைக் கதையைத் திறக்க வேண்டும். எகிலின் பாட்டன் பெயர் உல்ஃப், ஓநாய் என்று பொருள். பகலில் நல்ல பண்ணையாளர், யோசனை கேட்கத் தகுந்தவர். பொழுது சாயச் சாய முகம் கடுகடுத்து, யாரும் பேச அஞ்சும்படி ஆகிவிடுவார். தூக்கமும் அவரை அழுத்தும். உருமாறக்கூடியவர் என்று ஊர் பேசியது. அதனால் அவருக்கு விழுந்த பெயர் 'க்வெல்டுல்ஃப்', மாலை ஓநாய்.

மாலை நாலரைக்கு 'கூட்டன் ஆபெண்ட்' சொன்னால் ஜெர்மானியர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஏன்?

நமக்கு 4 மணி என்றால் மாலை. அவர்களுக்கு அது இன்னும் பிற்பகல். ஆபெண்ட் ஏறக்குறைய 6 மணிக்குத் தொடங்குகிறது, அதுவரை 'கூட்டன் டாக்' போதும். 'கூட்டெ நாஹ்ட்' விடைபெறும்போது, அல்லது படுக்கப் போகும்போது மட்டும். இரவு 10 மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் 'கூட்டன் ஆபெண்ட்' என்பதே சரி.

இந்த எல்லை எங்கும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் நண்பகல் தாண்டினாலே மாலை வணக்கம் சொல்லலாம். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ அப்படி வாழ்த்த, 'மாலையா ஆகிவிட்டது?' என்று ஜூலியட்டின் செவிலி கேட்கிறாள். கடிகார முள் நண்பகலைத் தொட்டுவிட்டது என்பதே அவன் பதில். அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சிலும் பிற்பகலை 'ஈவினிங்' என்னும் வழக்கம் உண்டு. நாம் நாலரைக்கு 'ஈவினிங்' என்று சொல்வது அப்படியொன்றும் வினோதமல்ல. ஜெர்மனில் மட்டும் செல்லாது.

'ஸொனாபெண்ட்' என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலைதானே?

இல்லை, சனிக்கிழமை. சனிக்கிழமை மாலை மட்டுமல்ல, காலையிலிருந்து இரவு வரை முழு நாளும். வடக்கு, கிழக்கு ஜெர்மனியில் இது வழக்கமான பெயர். தெற்கிலும் மேற்கிலும் அதே நாள் 'ஸாம்ஸ்டாக்'. பழைய கிழக்கு ஜெர்மனியில் அரசு வழக்கிலும் 'ஸொனாபெண்ட்'தான் இருந்தது. கடைக் கதவில் 'ஸொனாபெண்ட் 9 முதல் 13 வரை' என்று இருப்பதைப் படித்துவிட்டு ஞாயிறன்று போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு மாலையைச் சொல்ல 'ஸொன்டாக்ஆபெண்ட்' என்று நடுவில் 'டாக்', அதாவது நாள், வர வேண்டும்.

காரணம் 'ஈவ்' பற்றி மேலே சொன்னதில் இருக்கிறது. ஒரு நாளின் மாலை என்றால் அந்த நாளுக்கு முந்தைய மாலை. பழைய ஆங்கிலத்தில் 'ஸுன்னன்ஏவென்' என்றால் சனிக்கிழமை மாலை. திங்கள் 'ஏவென்' என்றால் ஞாயிறு மாலை, வெள்ளி 'ஏவென்' என்றால் வியாழன் மாலை. புதன் இரவு என்றால் நாம் செவ்வாய் இரவு என்று சொல்வது. பழைய ஆங்கில ஆவணங்களைப் படிப்பவர்கள் தேதி கணக்கிடும்போது இன்றும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது.

இந்தச் சொல் ஜெர்மனிக்குப் போன வழியும் சுவையானது. 8-ஆம் நூற்றாண்டில் போனிஃபாஸ் போன்ற இங்கிலாந்துத் துறவிகள் ஜெர்மானிய நாடுகளில் கிறித்தவம் பரப்பினார்கள். அவர்களோடு திருச்சபைச் சொற்களும் போயின. 'ஸுன்னன்ஏவென்' அப்படிப் போய் ஜெர்மன் உருவம் பெற்றதுதான் 'ஸொனாபெண்ட்' என்பது பொதுவான முடிவு. மாலையைக் குறித்த சொல் பின்னர் நாள் முழுவதற்கும் விரிந்தது. டிசம்பர் 24-க்கு ஜெர்மனில் வரும் 'ஹைலிக்ஆபெண்ட்', ஆங்கிலத்தில் வரும் 'கிறிஸ்துமஸ் ஈவ்' இரண்டும் காலையிலேயே தொடங்கிவிடுவது இதே விரிவால்தான்.

நாளை மாலையிலிருந்து எண்ணும் வழக்கம் ஜெர்மானியர்களுடையதா, தேவாலயம் கொண்டுவந்ததா?

இரண்டும் சேர்ந்தது. ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதிய 'ஜெர்மானியா'வின் 11-ஆம் அத்தியாயத்தில், இந்த மக்கள் நம்மைப் போல நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுகிறார்கள், இரவு பகலை வழிநடத்துவதாகக் கருதுகிறார்கள் என்கிறார். அவர்கள் கிறித்தவத்துக்கு வருவதற்கு வெகு காலம் முந்தைய செய்தி இது. இரண்டு வாரத்துக்கு ஆங்கிலத்தில் வரும் 'ஃபோர்ட்நைட்' என்பது 'பதினான்கு இரவுகள்' என்பதன் தேய்வு. ஜெர்மனில் கிறிஸ்துமஸுக்குப் பெயரான 'வைநாஹ்டன்' புனித இரவுகள் என்று பன்மையில் நிற்கிறது. மறுபுறம், யூத மரபில் நாள் மாலையில் பிறக்கிறது. திருச்சபையும் பெருவிழாக்களை முந்தைய மாலை வழிபாட்டோடு தொடங்கியது. பழைய பழக்கமும் புதிய மதமும் ஒரே திசையில் இழுத்ததால் வழக்கம் உறுதியாக ஊன்றியது.

ஐஸ்லாந்தில் இது இன்னும் கண்முன்னே நடக்கிறது. டிசம்பர் 24 மாலை சரியாக 6 மணிக்கு அங்கே கிறிஸ்துமஸ் பிறக்கிறது. வானொலியில் தேவாலய மணி ஒலிக்கும். தொடரும் வழிபாட்டுக்குப் பெயர் 'அஃப்தன்சோங்குர்', மாலைப் பாட்டு. அன்றாடப் பேச்சில் வழக்கொழிந்த 'அஃப்தன்' இங்கே கம்பீரமாக நிற்கிறது.

ஸ்வீடனுக்குப் பக்கத்து நாடான ஃபின்லாந்தின் மொழி இந்தக் குடும்பமே அல்ல. அதுவும் இந்த வடக்குச் சொல்லைக் கடன் வாங்கி 'ஆட்டோ' என்று வைத்துக்கொண்டது. அங்கே அதற்கு விழாவுக்கு முந்தைய நாள் என்ற பொருள் மட்டுமே. மாலைக்கு அவர்களுக்குச் சொந்தச் சொல் இருக்கிறது.

வேலை முடிந்தால் 'ஃபையராபெண்ட்' என்கிறார்கள். 'ஃபையர்' என்றால் விழா. தினமும் என்ன விழா?

இடைக்கால ஜெர்மனில் இது விழாவுக்கு முந்தைய மாலையைத்தான் குறித்தது. விழாவுக்கு முன்தினம் பொழுது சாய்ந்ததும் வேலையை நிறுத்திவிடுவார்கள். அந்த நிறுத்தமே சொல்லின் பொருளாகி, பிறகு எல்லா நாளுக்கும் பொதுவானது. இன்று இரவுப் பணி முடிந்து காலை 6 மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் செவிலியும் 'ஃபையராபெண்ட்' என்றே சொல்வார்.

'ஹாய்டெ நாஹ்ட்' என்றால் இன்றிரவா, நேற்றிரவா?

இரண்டும் ஆகும். காலையில் 'ஹாய்டெ நாஹ்ட் மழை பெய்தது' என்றால் கழிந்த இரவு. மாலையில் 'ஹாய்டெ நாஹ்ட் மழை பெய்யும்' என்றால் வரப்போகும் இரவு. வினைச்சொல்லின் காலத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்வீடிஷின் 'இ நாட்' என்பதிலும் இதே இரட்டைப் பொருள். மாலைக்கு இந்தக் குழப்பம் இல்லை: 'ஹாய்டெ ஆபெண்ட்' வந்தால் இன்று மாலை, 'கெஸ்டர்ன் ஆபெண்ட்' வந்தால் நேற்று மாலை. டேனிஷ் இன்னும் சிக்கனம். 'இ அஃப்டன்' இன்று மாலை, 'இ அஃப்டஸ்' நேற்று மாலை.

லத்தீனில் 'வெஸ்பர்', ரஷ்யனில் 'வேச்சர்' என்று ஒத்துப்போகின்றன. ஜெர்மானிய மொழிகளில் மட்டும் ஏன் அது இல்லை?

கிரேக்க 'ஹெஸ்பெரோஸ்', லிதுவேனியாவின் 'வாகரஸ்' ஆகியவையும் அந்த வரிசையில் சேரும். அந்தப் பழைய பொதுச்சொல்லை மாலைப் பொருளில் ஜெர்மானியர்கள் கைவிட்டு, மேலே பார்த்த சொற்களைப் புதிதாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் தடயமே இல்லை என்று சொல்ல முடியாது. மேற்குத் திசைக்கு ஆங்கிலத்தில் வரும் 'வெஸ்ட்' அந்த வேரின் உறவு என்பது பல அறிஞர்களின் கருத்து. சூரியன் மறையும் பக்கம் என்பதால் பொருளும் பொருந்துகிறது.

பிற்காலத்தில் திருச்சபை வழியாக லத்தீன் 'வெஸ்பர்' மாலை வழிபாட்டின் பெயராக ஜெர்மனுக்குள் வந்தது. தென்மேற்கே ஸ்வாபியப் பகுதியில் அது அந்த நேரத்துச் சிற்றுண்டிக்கும் பெயராகிவிட்டது. ரொட்டி, பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி வைத்த பலகையோடு உட்கார்ந்தால் அது 'வெஸ்பர்'.

கோதிக் மொழியில் மாலைக்கு 'அந்தநஹ்தி' என்று பார்த்தேன். அதில் நம் 'அந்தி' இருக்கிறதே!

இது தற்செயல். கோதிக், ஜெர்மானியக் குடும்பத்தின் கிழக்குக் கிளை, அழிந்துபோன மொழி. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த பைபிள் மொழிபெயர்ப்பே அதற்கு முதன்மைச் சான்று. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், பொழுது சாய்ந்து சூரியன் மறைந்தபின் நோயாளிகளைக் கொண்டுவரும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. அதன் பிரிப்பு 'அந்த' + 'நஹ்த்'. 'நஹ்த்' இரவு. 'அந்த' என்பது 'எதிரே, நோக்கி' என்ற முன்னொட்டு. அதாவது இரவை எதிர்கொள்ளும் நேரம். பதிலுக்கு ஆங்கிலத்தில் வரும் 'ஆன்ஸர்', ஜெர்மனில் வரும் 'ஆன்ட்வோர்ட்' இரண்டின் தலையிலும் இருப்பது இதே முன்னொட்டு.

நம் 'அந்தி'யில் அது முன்னொட்டே அல்ல, முழுச் சொல். அதற்கு இரவு என்ற பகுதியும் இல்லை. 'அந்தி'யை வடமொழிச் 'சந்தி'யோடு இணைப்பவர்கள் சொல்லும் வழியில் போனாலும் கோதிக் முன்னொட்டுக்கு வந்து சேர முடியாது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால், மேலே 'ஈவன்' கேள்வியில் பார்த்த அதே பள்ளத்தில் விழுவோம்.

அப்படியானால் நமக்குத் தெரிந்த எந்தச் சொல்லோடும் இவற்றுக்கு உறவே இல்லையா?

மாலைக்கும் இரவுக்கும் இடைப்பட்ட மங்கல் ஒளியைப் பாருங்கள், ஒன்று கிடைக்கும். ஜெர்மனில் அதற்கு 'டெம்மெருங்'. வைகறை மங்கலுக்கும் அதே சொல்தான்; வேறுபடுத்த வேண்டுமானால் முன்னால் காலை அல்லது மாலை என்று சேர்க்க வேண்டும். ஸ்வீடிஷில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள்: விடியலுக்கு 'க்ரூனிங்', மாலை மங்கலுக்கு 'ஷும்னிங்'. ஜெர்மன் சொல்லின் வேர் 'இருள்' என்று பொருள்படும் இந்தோ-ஐரோப்பிய வேர். லத்தீனில் இருளுக்கு வரும் 'டெனெப்ரே' அதிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தின் 'தமஸ்' அதிலிருந்து வந்தது. தமோ குணம் என்று நாம் சொல்லும்போது வரும் 'தம'வும் அந்த இருள்தான்.

இந்த உறவில் ஒலிகள் விதிப்படி பொருந்துகின்றன, பொருளும் பொருந்துகிறது, இடைப்பட்ட மொழிகளில் சான்றும் இருக்கிறது. 'அந்தநஹ்தி'க்கும் 'அந்தி'க்கும் நடுவே இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.